ஒன்னும் இல்ல டாக்டர்

ஈஜோக் ஊரில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், எந்தக் கிளினிக் நல்லது என்று என்னைத்தான் கேட்பார்கள். நானும் ரவாங் போகிற வழியில் இருந்த அந்தத் தமிழ் டாக்டரைத்தான் கை காட்டுவேன். மேசைக்குப் பின்னால் முருகன் படம், டாக்டர் நெற்றியில் திருநீறு, வாய் நிறைய "வாங்க ஐயா", கடைசியில் ஓர் ஊசி. ஒரு கிளினிக்கை எடை போட இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம்.

என் மனைவிக்கு ரொம்ப வருஷமாக இனிப்புநீர் வியாதி, சர்க்கரை. மாதா மாதம் போவோம். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா இருக்கீங்க?" என்பார். அவள் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன், "ஒன்னும் இல்ல டாக்டர், சாமி புண்ணியத்துல நல்லா இருக்கா." அவ்வளவு நல்ல மனுஷரிடம் குறை சொல்வது, பிரசாதத்தில் உப்பில்லை என்பது போல எனக்கு.

ஒருநாள் காரில் திரும்பும்போது சொன்னாள். "பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. சொல்லலாம்னு பார்த்தேன், எனக்கும் சேர்த்து நீங்களே பேசிட்டீங்க."

"உன் ரத்தத்துல ஓடுற சீனிக்கு எறும்பு வராம என்ன லா செய்யும்?"

அவளும் சிரித்துவிட்டாள்.

ஒரு தடவை அந்த டாக்டர் லீவு. மகள் எங்களைக் கோலசிலாங்கூர் டவுனில் வேறொரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். சின்ன வயசு மலாய்க்கார டாக்டரம்மா. படமும் இல்லை, ஊசியும் இல்லை. மனைவியைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் மெல்லிய நைலான் இழை மாதிரி எதையோ வைத்து, படுகிறதா என்று கேட்டார். வழக்கம்போல நான் முந்திக்கொண்டு மலாயில், அவளுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றேன். "உங்க காலையா பாக்குறேன்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மனைவி பல இடத்தில் படவில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் பாதத்தைக் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்.

நம்ம டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று அதைச் சாமி மேடையில், குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்தேன். அடுத்த மாதம் மறந்தேன். அதற்கடுத்த மாதம் அவரிடம் இன்னொரு டாக்டரின் கடிதத்தை நீட்டக் கூச்சமாக இருந்தது.

பங்குனியில் கோயிலைச் சுற்றி வெறுங்காலோடு நடந்தாள். வீட்டுப் பாயில் ரத்தத்தைப் பார்த்துத்தான் கண்ணாடிச்சில் ஏறியதே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரலை எடுத்தார்கள்.

எல்லாரும் அந்தத் தமிழ் டாக்டரைத் திட்டச் சொல்கிறார்கள். மாதா மாதம் வெறுங்காலோடுதான் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து பார்க்கவில்லை, உண்மைதான். பார்க்க வேண்டாம் என்று சொன்ன வாய் என்னுடையது. தினமும் விளக்கேற்றும்போது அந்தச் சிமிழைத் தொட எனக்குக் கை வருவதில்லை.

இப்போது கட்டு மாற்றும் இடத்தில் நர்ஸ் மிஸ்ஸி வலிக்கிறதா என்று கேட்டால் நான் வாயே திறப்பதில்லை. மனைவி முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள். பிறகு அவளே சொல்கிறாள், "ஒன்னும் இல்ல."