இரண்டு இருந்தால் நோட்டீஸ்

சிதம்பரத்திலிருந்து தில்லைநாயகத்தின் மகன் குமார் போன் செய்தபோது நான் கடலூர் முதுநகரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். "மாமா, அப்பா காலையில போயிட்டாரு" என்றான். "அந்த பீச் போஸ்டர் எங்கடா இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான். எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. செத்தது நானாக இருந்தால் தில்லைநாயகம் கேட்கக்கூட மாட்டான், நேராக வந்து என் பீரோவைத் திறந்திருப்பான்.

'அவர்' என்று எழுதாததற்கு அவனைத் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். செம்மங்குப்பத்தில் ஒரே கெமிக்கல் கம்பெனியில் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்த்தவர்கள் நாங்கள். செத்துவிட்டான் என்பதற்காக மரியாதையைக் கூட்டிக் கொடுக்க முடியாது.

ராக் கச்சேரிகளின் பழைய போஸ்டர்களைச் சேர்ப்பது எங்கள் இருவருக்கும் பிடித்திருந்த பைத்தியம். புதுச்சேரியில் வெள்ளைக்காரர் யாராவது வீட்டைக் காலி செய்தால், பழைய பேப்பர் கடையில் மூட்டையை அவிழ்க்கும்போதே நாங்கள் போய் நிற்போம். அந்தப் பாட்டு எதுவும் அவனுக்குப் பிடிக்காது, காகிதம்தான் பிடிக்கும். ஒரே போஸ்டர் இரண்டு கிடைத்தால் இரண்டையும் வாங்குவான். வாங்கிய கையோடு ஒன்றைக் கிழித்துச் சாக்கடையில் போடுவான். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "ரெண்டு இருந்தா அது நோட்டீஸு மச்சான். ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான் போஸ்டரு" என்பான்.

குளிக்காமல் போஸ்டரைத் தொட மாட்டான். கம்பெனி நெடி பட்டால் காகிதம் மஞ்சளாகிவிடுமாம். ஆனால் கைக்குழந்தையாக இருந்த குமாரை வேலைச் சட்டையோடு அப்படியே தூக்கிக் கொஞ்சுவான். "போஸ்டருக்குக் குளிக்கிறீங்க, புள்ளைக்குக் குளிக்கக் கூடாதா?" என்று அவன் மனைவி சரோஜா என் எதிரிலேயே கேட்டார். "புள்ளையக் கழுவிக்கலாம். காயிதத்தக் கழுவ முடியுமா?" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு ராக் கச்சேரி நடப்பதாக இருந்தது. மழையில் மேடை சரிந்தது, கச்சேரி நடக்கவே இல்லை. சுவரில் ஒட்டியதெல்லாம் கரைந்து போக, இரண்டு போஸ்டர்கள் மட்டும் தப்பின. ஒன்று அச்சகத்திலிருந்து அவனுக்குக் கிடைத்தது. இன்னொன்றை ஒரு டீக்கடைக் கதவின் உட்பக்கத்திலிருந்து ஈரத்துணி வைத்துப் பக்குவமாக உரித்தெடுத்தது நான்.

ஒருநாள் வீட்டுக்கு வந்தான். கேட்காமலே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, "உன்னுத ஒரு தடவ காட்டு மச்சான்" என்றான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். "என்னுதவிட இதான் நல்லா இருக்கு" என்றான். சொல்லிக்கொண்டே இரண்டாகக் கிழித்தான். பிறகு நான்காக. காபி கொண்டுவந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "நல்லா இருக்கறதக் கிழிச்சியே, உன்னுதக் கிழிக்கிறதுதானேடா?" என்று கத்தினேன். "என்னுத எப்படி மச்சான் கிழிப்பேன்?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அவனோடு பேச்சில்லை. ஷிப்ட் மாறும்போது எந்த வால்வு திறந்திருக்கிறது என்று அடுத்த ஆளுக்குச் சொல்லியாக வேண்டும். அதை மட்டும் சொல்வேன். அவனோ எதுவுமே நடக்காததுபோல், "சாப்ட்டியா மச்சான்?" என்று தினமும் கேட்பான். அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிகமாக எரிந்தது.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கினேன். சுவரெல்லாம் அவன் முகம். 'கண்ணீர் அஞ்சலி' என்று குமார் பஸ் நிலையத்திலிருந்து வீடுவரை ஒட்டியிருந்தான். வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தவனை விட்டுவிட்டு என் கண் அறையைத் துழாவியது. சரோஜா கண்டுகொண்டார். "அவுரு தலைமாட்டுலதான் இருக்குண்ணே. கூடவே வச்சு எரிச்சுடச் சொன்னாரு. நீங்க கேட்டு வருவீங்க, கையில மட்டும் குடுத்துடாதன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றார்.

சுடுகாட்டில் நான் பார்த்துக்கொண்டு நிற்க, அவனுக்கு முந்தியே அந்தக் காகிதம் எரிந்து முடிந்தது. அப்போதுதான் அழுதேன். எதற்கு என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாரையும் போல அவன் வீட்டுக் குழாயடியில் குளித்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். பசை இன்னும் காயவில்லை. முதல் அஞ்சலிப் போஸ்டரை ஓரம் கிழியாமல் உரித்துச் சுருட்டிக்கொண்டேன். அடுத்ததைக் கிழித்தேன். அதற்கடுத்ததையும் கிழித்தேன். பஸ் நிலையம்வரை ஒரு சுவரையும் விடவில்லை. குமார் மொட்டைத்தலையோடு பின்னாலேயே ஓடிவந்தான். "எங்கப்பா மூஞ்சிய ஏன் மாமா கிழிக்கிறீங்க? பாவி மாதிரி பண்றீங்களே" என்று நடுத்தெருவில் நின்று அழுதான். "ரெண்டு இருந்தா நோட்டீஸுடா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சுருட்டியதோடு பஸ் ஏறினேன்.

இப்போது அது என் பீரோவில் இருக்கிறது. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். தில்லைநாயகத்தைத் தெரிந்தவர்கள் வந்து பார்க்கலாம். கையில் மட்டும் கொடுக்க மாட்டேன்.