கட்டிலைக்கூடக் கழுவினாளா?

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வீட்டை ராயப்பேட்டையில் முதலில் வாங்கியவன் நான்தான். யாருக்காவது சந்தேகம் இருந்தால் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

யுத்தம் முடிந்திருந்தது. சுதந்திரம் இன்னும் வரவில்லை. அரிசிக்கு ரேஷன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, தோளில் ஏணியும் கையில் பசை வாளியுமாகச் சுவர் சுவராய்ச் சினிமா நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்த நான், அந்தச் சமயம் சொந்தமாக டென்ட் கொட்டகை வைத்திருந்தேன். ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்துப் படம் காட்டுகிற தொழில். யாரும் தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன், அதே ஏணியில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் கிளம்பினால் ஆடிக் காற்று வரும்வரை வெளியூர்தான். கொட்டகைக்குப் பின்னால் கீற்றுத் தடுப்பு ஒன்று கட்டி அதில் படுத்துக்கொள்வேன். என் மனைவி வீட்டில் தனியாக இருப்பாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை. எங்களுக்கும் சேர்த்துச் சொந்தக்காரர்கள் பேசினார்கள். வளைகாப்பு வீட்டில் அவளை வளையல் போட விடமாட்டார்கள். புது வீட்டில் பால் காய்ச்சும்போது, "நீ அப்பிடி ஓரமா குந்திக்கம்மா" என்பார்கள். அவள் கை பட்டால் விளங்காது என்று அவள் காதில் விழும்படியே ஒருத்தி சொன்னாள். வருஷத்தில் பாதிக்கு மேல் அந்த வாய்களுக்கு நடுவில் இவளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. கீற்றுத் தடுப்பில் அவளைப் படுக்க வைக்கவும் முடியாது. அதற்காகத்தான் அந்த ட்ரெய்லர் வீடு.

மவுண்ட் ரோட்டுக்குச் சற்று உள்ளே பஸ்களுக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. முதலாளி மயிலாப்பூர்க்காரர், படித்தவர், மூக்குக் கண்ணாடி. மிலிடரி ஏலத்தில் நான் எடுத்த, சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தின் மேல் அவர் வீடு கட்டிக் கொடுத்தார். தகரக் கூரை, இரண்டு ஜன்னல், பாத்திர அலமாரி, ஆள் நீளத்துக்குக் கட்டில். அடியில் தேக்குப் பலகை, அதன் மேல் லினோலியம். அது அப்போது பெரிய ஆஸ்பத்திரிகளிலும் வெள்ளைக்காரன் கிளப்பிலும் மட்டுமே போடுகிற தரை விரிப்பு. சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டு, எண்ணெய் தடவினதுபோல் மினுங்கும். ஷீட்டு மிச்சம் இருக்கிறது என்று, மெத்தை போடுகிற கட்டில் பலகை மேலேயும் ஒட்டிக் கொடுத்தார்கள்.

மார்கழியில் வண்டி எங்கள் சந்துக்கு வந்தது. அவள் உள்ளே ஏறி, ஒரு மூலையில் ஸ்டவ் வைத்துப் பால் காய்ச்சினாள். ஓரமாகக் குந்தச் சொல்ல அங்கே யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்ததும் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து தரையைக் கழுவித் துடைத்துவிட்டு, வாசற்படியில் கையகலத்துக்குக் கோலம் போட்டாள். வீடு என்றால் வெள்ளிக்கிழமை கழுவத்தானே வேண்டும்.

அடுத்த வாரமே ஷீட்டு அப்பளம் பொரிந்தமாதிரி அங்கங்கே எழும்பிவிட்டது. ஓரங்கள் காய்ந்த வாழை இலையாகச் சுருண்டன. காலை வைத்தால் புஸ்ஸென்று அமுங்கி, பக்கத்தில் இன்னொரு கொப்புளம் கிளம்பும்.

சொல்லி அனுப்பினேன். பட்டறைக்காரர் வந்தார். தரையைப் பார்ப்பதற்கு முன்னால் கோலத்தைப் பார்த்தார்.

"இதென்ன, தண்ணி விட்டு அலம்பினேளா?"

"வெள்ளிக்கெயம ஆச்சுங்களே. வூட்ட கயுவாம எப்பிடிங்க?" என்றாள் அவள்.

"இது வீடில்லேம்மா, வண்டி. இவ்வளவு தண்ணியக் கொட்டினா எந்த ஷீட்டு தாங்கும்? உன் கை பட்டு எல்லாம் பாழாப் போயிடுத்து." என் பக்கம் திரும்பினார். "இங்கே பாரும், தப்பு எங்களுது இல்லே. இருந்தாலும் போனாப் போறதுன்னு புது ஷீட்டு போட்டுத் தரேன். இனிமே இவாளத் தண்ணி விடாமப் பாத்துக்கும்."

எங்கள் சங்கதி அவருக்குத் தெரியாது. தெரிந்தே சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அவர் போனதும் ட்ரெய்லருக்குள் ஏறி, அங்கே கொண்டுபோய் வைத்திருந்த உப்பு ஜாடி, காமாட்சி விளக்கு, முறம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னாமே பண்ற?"

"நீ புச்சா ஷீட்டு போட்டுக்கினு நல்லபடியா போய்ட்டு வாய்யா. நான் வர்ல."

"அவன் சொன்னா ஆச்சா?"

"அவுரு மட்டுமா சொல்றாரு? ஊரே சொல்லுது. நீ ஆசையா வாங்குனது. நான் கால வெச்சேன், பூட்சி."

தை பிறக்கப் போகிறது. அவள் வராமல் நான் போவதாக இருந்தால் அந்த வண்டி எதற்கு? விறகாக்கிவிடலாம்.

மறுநாள் காலை ட்ரெய்லரை, கொட்டகைச் சாமான் ஏற்றுகிற என் வேனில் கொக்கி போட்டு இழுத்துப்போய், பட்டறையின் வாசலை அடைத்து நிறுத்தினேன். வேனைக் கழற்றி அந்தாண்டை விட்டேன். உள்ளே இருக்கிற பஸ் வெளியே வர முடியாது, வெளியே இருக்கிற பஸ் உள்ளே போக முடியாது. மேஸ்திரி ஓடிவந்தார். வயதானவர், நல்ல மனுஷர்.

"நைனா, வயிய உடு நைனா. மொதலாளி கத்துவாரு."

"கத்தட்டும். தொண்ட அவுருது."

"போலீச கூப்டுவாரு."

"வரச்சொல்லு. உள்ள டீ போட்டுத் தரேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, என் கையில் அத்தாட்சி ஒன்றும் இல்லை. இவள் தண்ணீர் ஊற்றியது நிஜம். ஷீட்டு எழும்பினதும் நிஜம். உச்சி வெயில் ஏறியது. முதலாளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் போவதுமாக இருந்தார். நான் அலுத்துப்போய் ட்ரெய்லருக்குள் ஏறிக் கட்டிலில் சாய்ந்தேன்.

முதுகில் என்னமோ உருண்டையாக முட்டியது. புரண்டு படுத்தேன். விலாவில் முட்டியது. மெத்தைக்கு அடியில் எவனாவது தேங்காய் வைத்துவிட்டானா என்று எழுந்து மெத்தையைச் சுருட்டித் தள்ளினேன்.

கட்டில் பலகை மேல் ஒட்டியிருந்த ஷீட்டும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. தரையைவிட மோசம்.

ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். வாழைப்பழத் தோல்போல் கையோடு வந்தது. உடனே ஒரு வாடை. புளித்த வாடை. அடியில் பலகை முழுக்க வெள்ளையாகப் பிரஷ் இழுத்த கோடுகள், அதில் சாரி சாரியாக எறும்பு. எனக்கு மேலே யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த வாளியோடு இந்த மெட்ராஸ் பூராவும் அலைந்தவன் நான். மாவுப் பசை! நோட்டீஸ் ஒட்டுகிற மாவைக் காய்ச்சி, ஆஸ்பத்திரியில் போடுகிற ஷீட்டை ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் ஐப்பசி மழையில், ஈரப் பலகை மேல். சுவரில் ஒட்டின நோட்டீஸே அப்படி ஒட்டினால் ஒரு வெள்ளிக்கிழமை தாங்காது.

உரித்த ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் நின்று கத்தினேன். அந்தக் காலத்தில் என் குரலுக்கு மைக் தேவையில்லை.

"சார்! வெளிய வாங்க சார்! ஒரு சந்தேகம் கேக்கணும்!"

வந்தார். பட்டறை ஆட்கள், தெருவில் போனவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"என் பொஞ்சாதி தரைய கயுவுனா. ஒத்துக்கறேன். கட்டிலக்கூடவா கயுவுனா? மெத்தைய கீய எறக்கி, தண்ணி ஊத்தி, மறுபடி மெத்தைய மேல போட்டாளா?"

அவர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு உள்ளே ஏறினார். குனிந்தார். மூக்கைச் சுளித்தார்.

"என்னய்யா இது நாத்தம்?"

"மாவு சார். ஊரே ரேஷன் கடைல கால்கடுக்க நிக்குது, நீங்க எங்க கட்டிலுக்கு அடில மூட்ட மாவ ஒளிச்சு வெச்சுகிறீங்க. எறும்புங்க மட்டும் நல்லா துன்னுகினு கீதுங்க."

கூட்டம் சிரித்தது. முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"சீமக் கோந்து கெடைக்கலீங்க. யுத்தத்துலேந்தே வர்றதில்ல. நீங்க தேதி சொல்லிட்டீங்க... அதான் நம்ம கைவசம் இருந்தத..."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதோ?"

"சொன்னா நிறுத்தச் சொல்லுவீங்க. தேதி தப்பிப்பூடும்."

முதலாளி வண்டியை விட்டு இறங்கினார். பிறகு, "நல்ல ஷீட்டு, நல்ல கோந்து, எல்லாம் வரவழைச்சுப் போட்டுத் தரேன். வண்டிய நகர்த்தும்" என்றார்.

"ஷீட்டு கெடக்கட்டும் சார். நீங்க வந்து அவகிட்ட சொல்லணும்."

"எதை?"

"அவ கையால கெடலன்னு. ஒங்க வாயால."

"அதுக்காக நான் உம்ம ஆத்துக்கு வரணுமா? வேணும்னா லெட்டர் எழுதித் தரேன், கையெழுத்துப் போட்டு."

"அவுளுக்குப் படிக்கத் தெரியாது."

"நீர் படிச்சுக் காட்டுமே."

"எனக்குத் தெரியும். ஆனா படிச்சுக் காட்ட மாட்டேன்."

என்ன செய்வார்? இரண்டு பஸ் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறது. நான் திரும்பவும் படியில் குந்திக்கொண்டேன். வேர்க்கடலைக்காரன் ஒருவன் கூட்டத்தைப் பார்த்து வந்தான். வாங்கி உரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன், பட்டறை வாசலிலேயே.

வெயில் தாழ்ந்ததும் முதலாளி சட்டைக்கு மேல் அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "ஏறும் வேன்லே, போகலாம்" என்றார். ட்ரெய்லரையும் கொக்கி மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

எங்கள் சந்தில் அவரைப் பார்த்ததும் அவள் மறுபடி ஏச்சு வாங்கப் போகிறோம் என்று கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அவர் வாசலிலேயே நின்றார். அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் நானும் வேனின் ஹாரனை ஒரு தடவை அதிகமாக அடித்திருந்தேன்.

"அம்மா, நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன். உங்க கையால ஒண்ணும் கெடலே. எங்க பட்டறையிலே மாவப் போட்டு ஒட்டிட்டா. நீங்க தண்ணி விடாட்டாலும் அது எழும்பித்தான் இருக்கும்." குரலை அவர் தாழ்த்தவில்லை. அந்த மட்டுக்கும் அவர் மனுஷர்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து "மாவா?" என்று கேட்டாள்.

"மாவுதாம்மா."

"யாராச்சும் மாவ வெச்சு வூட்டுக்குத் தர போடுவாங்களா?" என்றாள், வெளியே வந்து. கேட்ட தோரணையில் முதலாளி இரண்டடி பின்னால் போனார். அந்தக் குரலை நான் பல வருஷமாகக் கேட்டிருக்கவில்லை.

சொன்ன வாக்குப்படி அவர் புது ஷீட்டு அனுப்பினார். அவள் சுருளைப் பிரிக்கக்கூட விடவில்லை. "எட்த்துக்கினு போவச் சொல்லு. பலகையே போதும். கயுவறதுக்கு தோதா கீது." பழைய ஷீட்டையும் பெயர்த்தோம். பசையைச் சுரண்டினோம். உப்பு ஜாடியும் காமாட்சி விளக்கும் தாமாகவே வண்டிக்குள் திரும்பிப் போயிருந்தன.

தையில் கிளம்பினோம். செங்கல்பட்டுக்கு அந்தாண்டை ஒரு ஊரில் முதல் முகாம். வெள்ளிக்கிழமை காலையில் பலகைத் தரையைக் கழுவி அவள் தள்ளிய தண்ணீர் படி வழியாக இறங்கிப் புழுதியில் ஓடியது. வேடிக்கை பார்க்க வந்த ஊர்ப் பெண்களிடம், "இது எங்க வூடு, ஏறி பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தொழிலில் புது ஊரில் முதல் ஆட்டத்துக்கு முன்னால் திரைக்குக் கற்பூரம் காட்டுவோம். ராசியான கையாகப் பார்த்து ஊர்ப் பெரியவர் யாரையாவது கூப்பிடுவது வழக்கம். அந்த ஊரிலும் ஒருவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு தயாராக வந்திருந்தார். நான் கற்பூரத் தட்டை அவளிடம் கொடுத்தேன்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. நிரம்பாமல் போயிருந்தாலும் அடுத்த ஊரிலும் அவள்தான் கற்பூரம் காட்டியிருப்பாள்.