ஈறில் ஒரு நீலக் கோடு

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம். வயிற்றில் ஐந்து மாதம். வாரத்தில் இரண்டு நாள், நான் டியூட்டிக்குக் கிளம்பும் முன்பே மீன்கார அக்கா வந்துவிடுவார். திருநீர்மலைப் பக்கம் அடையாற்றங்கரையில் வீடு. புருஷன் வலை போடுவார். இவர் கூடையில் சுமந்து வந்து விற்பார். "புள்ளத்தாச்சிக்கு விரால் நல்லது" என்று எனக்காகப் பெரிதாக ஒன்றை எடுத்து வைத்திருப்பார்.

ஒருநாள் மீனை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையிலிருந்து கத்தி நழுவியது. எடுத்தார், மறுபடி நழுவியது. வலது மணிக்கட்டு துவண்டு தொங்கியது.

"என்னக்கா கைக்கு?"

"ஒரு மாசமா இப்டித்தான் கீது நர்ஸம்மா. வயித்த வேற முறுக்கிப் புடிக்கிது. சுளுக்குன்னு எண்ண தேச்சிகினு கீறேன்."

கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவர் கையைப் பார்த்தார், பிறகு உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தார். பல்லை ஒட்டி ஈறில், பேனாவால் கிழித்தது போல நீலமாக ஒரு கோடு.

"ஏதாவது கம்பெனியில வேலை பாக்கறியா?"

"இல்லீங்க, மீன் விக்கிறேன்."

"வீட்டுப் பக்கத்துல என்ன இருக்கு?"

"பழைய பேட்டரிய ஒடச்சி ஈயம் உருக்கறாங்கோ. கழுவுற தண்ணி ஆத்துக்குத்தான் போவுது."

"சாப்பாடு?"

"விக்காத மீனுதாங்க. தெனமும்."

டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார். "ஈயம் உடம்புல ஏறியிருக்கு. புகையா, தண்ணியா, மீனான்னு என்னால சொல்ல முடியல. மூணையுமே விடச் சொல்லு." பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "நீ யார்கிட்ட மீன் வாங்கற?"

அக்காவிடம் போய் மூன்றையும் விடச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரோடு ஆற்றங்கரைக்குப் போனேன். ஈயம் உருக்கும் கொட்டகைக்குக் கீழே தண்ணீர் சாம்பல் கலந்தது போல ஓடியது. அக்காவின் புருஷன் வலையை உதறிக் காட்டினார். "நல்லாத்தானே துள்ளுது? இதுல இன்னா விசம் கீது?" விரால்கள் பளபளவென்று புரண்டன. பார்த்துச் சொல்லும்படி அவற்றில் ஒன்றுமே இல்லை.

சுகாதார ஆபீசில் எழுதிக் கொடுத்தோம். ஒருவர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார். அதன்பின் தகவலே இல்லை.

அக்கா ஊரப்பாக்கத்தில் தங்கை வீட்டில் சில மாதம் இருந்தார். கை ஓரளவு தேறியதும் கூடையோடு திரும்பிவிட்டார். "ஆத்த வுட்டா எங்களுக்கு வேற இன்னா கீது, சொல்லு?" நான் வாங்குவதை நிறுத்தினேன். அவர் அடுத்த தெருவுக்குப் போனார். அங்கே இரண்டு வீடுகளில் விஷயத்தைச் சொன்னேன். மூன்றாவது வீட்டுக்காரம்மா, "பாவம், அவ பொழப்பக் கெடுக்காதீங்க" என்றார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குப் பெண் பிறந்தாள். மூன்று வயது முடிந்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. சில பிள்ளைகள் அப்படித்தான் என்றார்கள். டாக்டரம்மாவைத் தினமும் பார்த்தேன். அந்த மீனாலா என்று கேட்க மட்டும் தைரியம் வரவில்லை.