ஏழு படங்களில் தெரியாத முகம்

படப்பிடிப்புத் தளத்தில் அவரைக் 'கிரகம்' என்றே அழைத்தார்கள். ஏழு படங்களில் வேற்றுக்கிரகவாசியாக நடித்தவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் யாருக்கும் தோன்றவில்லை. சொந்தப் பெயரைக் கேட்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. துணை நடிகர்களை அனுப்பும் ஏஜெண்டிடம் நீளமான நோட்டு ஒன்று உண்டு. அதில் இடப்பக்கம் 'மனிதர்', வலப்பக்கம் 'மற்றவை'. 'மற்றவர்' என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை. உள்ளூர்க்காரர்கள் இடப்பக்கம் போவார்கள், வந்தேறிகள் வலப்பக்கம். ரப்பர் முகமூடிக்குள் எந்த முகம் இருந்தால் என்ன என்பது ஏஜெண்டின் நியாயம். அப்படியானால் உள்ளூர் முகமும் இருக்கலாமே என்று அந்த நியாயத்தை யாரும் நீட்டிப் பார்த்ததில்லை.

அவருடைய மனைவி ஆயத்த ஆடை ஆலையில் பொத்தான் தைப்பவர்.

"ஏழு படம் நடிச்சாச்சு. ஒன்னுலயாவது உங்க மூஞ்சி தெரியுதா? சினிமாவுல இருக்காருன்னு சொன்னா, 'எந்தத் தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிறாரு'ன்னு கேக்குறாளுங்க."

"இந்தத் தடவை தெரியும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் ஏஜெண்டைப் பார்க்கப் போனார்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை என்னை மனுஷங்க பக்கம் போடுங்க. கூட்டத்துல கடைசி ஆளா நின்னாக்கூடப் போதும்."

"உன்னைப் போய் மனுஷன்னு எப்படிப்பா அனுப்புறது? பாக்குறவன் நம்பணும்ல?"

இதில் வன்மம் சிறிதும் இல்லை. தையற்காரர் துணியின் நிறத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

எட்டாவது படத்திலும் வலப்பக்கமே வாய்த்தது. விண்ணிலிருந்து வந்திறங்கிய அகதிகளை மனிதர்கள் வெறுத்து, பின்னர் மனம் திருந்துவது கதை. "நாம எல்லாரும் ஒரே பந்தியில உக்காரணும்" என்று கதாநாயகன் முழங்கும் காட்சியைப் பன்னிரண்டு முறை எடுத்தார்கள். அது சரியாக அமைந்ததும் உணவு இடைவேளை விட்டார்கள். மனிதர்களுக்கு மின்விசிறி வைத்த கூடாரம். மற்றவற்றுக்கு ஜெனரேட்டரின் பின்புறம். முகமூடியை ஒட்ட மூன்று மணி நேரம் ஆகுமாதலால், அதைக் கழற்றாமல் வாயோரத் துளையில் உறிஞ்சுகுழாய் செருகிச் சாறு குடிக்க வேண்டும்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க குடிக்கிறதைப் பாத்தா அவங்களுக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்று உதவி இயக்குநர் பண்புடன் விளக்கினார்.

கடைசி நாள், கிரகம் ஏற்று நடித்த அகதி உயிர்விடும் காட்சி. வெயிலில் பசை இளகி, முகமூடி நெற்றியிலிருந்து கழன்று மடியில் விழுந்தது. எட்டாவது வாய்ப்பும் அதனுடன் விழுந்ததாக எண்ணி, வியர்வையைக்கூடத் துடைக்காமல் அப்படியே அமர்ந்திருந்தார். இயக்குநர் மானிட்டரை நெடுநேரம் பார்த்தார்.

"மாஸ்க் வேணாம். இந்த மூஞ்சியோடவே எடுப்போம்."

"சாகும்போது மனுஷனா மாறிடுறான்னு வச்சுக்கலாமா சார்?" என்று உதவி இயக்குநர் கேட்டார்.

"எதுக்கு? அவங்க நிஜ உருவமே இதுதான்னு வச்சுக்குவோம். பாத்தாலே தெரியுதேப்பா."

படம் வெளிவந்தது. அவருடைய முகம் இரண்டு நிமிடம் திரை முழுவதையும் நிறைத்தது, அரங்கம் விம்மியது. சமத்துவத்தைப் போற்றியதற்காக இயக்குநருக்கு விருது கிடைத்தது. ஏஜெண்ட் நோட்டின் வலப்பக்கத்தைத் திருப்பி, 'கிரகம்' என்பதற்கு எதிரே 'முகமூடி தேவையில்லை' என்று குறித்துக்கொண்டார்.

மறுவாரம் ஆலையிலிருந்து திரும்பிய மனைவி செருப்பைக் கழற்றும்வரை அவர் பொறுத்திருந்தார்.

"பாத்தாங்களாமா?"

"எல்லாரும் பாத்தாளுங்க. அழுதாளுங்களாம்."

"மூஞ்சி தெரிஞ்சுதாமா?"

"தெரிஞ்சுதாம். மேக்கப் பிரமாதம்னாளுங்க. அசல் வேத்துக்கிரகம் மாதிரியே இருந்துச்சாம்."



"நீ என்ன சொன்ன?"

"போட மூணு மணி நேரம் ஆகும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."