பசை தொடாத குழாய்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு விருதுநகரில் இறங்கினேன். கையில் ஒரு மடிக்கணினி, அதற்குள் ஒரு கொரியச் சரித்திரப் படம். அந்த மாதிரிப் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது என் பிழைப்பு. பகை நாட்டுக்குத் தெரியாமல் ஒரு ராஜா ரகசிய ஆயுதம் செய்யச் சொல்கிறார். காகிதக் குழாயில் கருமருந்தை அடைத்து அம்பில் கட்டிப் பற்றவைத்தால் அம்பு தானே பறக்கும். கதாநாயகன் மருந்து கலக்குகிறான், கதாநாயகி குழாய் உருட்டுகிறாள். எனக்கோ தீபாவளிக்குத் திரி கிள்ளியதைத் தவிர மருந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அந்த வேலை செய்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்கத்தான் கிளம்பி வந்தேன்.

ஏழரை மணிக்குப் பஸ். திருத்தங்கலுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய்.

“வெடி வாங்கவா வந்தீக? சீசனுக்கு இன்னும் நாளிருக்கே” என்றார் கண்டக்டர்.

“சினிமா வேலைங்க. வெடி மருந்து பற்றின படம்.”

“அதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம்? மெட்ராஸ்ல வெடிச்சா வெடிக்காதாக்கும்?” என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். பட்டாசு ஊரில் என் வேலை யாருக்கும் பெரிதாகப் படாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஒன்பது மணிக்குத் தெருக்கோடியில் ஒரு தகரக் கொட்டகை. ஐந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து குச்சியில் காகிதத்தைச் சுற்றி, விளிம்பில் பசை தொட்டு, வெடிக்கான குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மருந்து கிடையாது, காகிதமும் பசையும் மட்டும்தான். அச்சகத்தில் இருக்கும் என் நண்பர், பேச்சியம்மாளைப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவர் கணவர் சுடலைமுத்து சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர்.

“அவுக பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவாக. வெயில் ஏறுனா மருந்து கலக்கமாட்டாக. உக்காருங்க அண்ணே” என்றார் பேச்சியம்மாள், கையில் உருட்டிக்கொண்டிருந்த குழாயை விடாமலே.

காத்திருந்த நேரத்தில் படத்தைப் போட்டுக் காட்டினேன். ஆயுதத்தைச் சோதிக்கக் கதாநாயகன் மலைக்குப் போயிருக்கிறான். கதாநாயகி தனியாக உட்கார்ந்து குழாய் உருட்டுகிறாள். பேச்சியம்மாள் திரையருகே குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இவ பசையே தொடலையே! குச்சியை உருவுனதும் சுத்துப் பிரிஞ்சுருமே. ராணி மாதிரி இருக்கா, வேலை தெரியலை.”

எல்லாரும் சிரித்தார்கள். கொரியாக்காரனின் குட்டை உடைத்துவிட்ட சந்தோஷத்தில் ‘கதாநாயகி பசை தொடவில்லை, பெரிய தவறு’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பத்து மணி பத்து நிமிடம். தகரம் அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் காதில் விழுந்த மாதிரி இருந்தது. சோதனை வெடியா என்று கேட்க வாயெடுத்தேன். ஒருவர் முகமும் அப்படி இல்லை. ஒரு பெண் பக்கத்து மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்து வந்தார்.

“சாத்தூர் ரோட்டுப் பக்கம் புகை.”

பேச்சியம்மாள் போனை எடுத்துக் கணவருக்கு அடித்தார். மணி போனது, எடுக்கவில்லை.

“உள்ள போனு கொண்டுபோகக் கூடாதுண்ணே. கேட்டுலயே வாங்கி வச்சிருவாக. மணி அடிச்சா வாட்ச்மேன் எடுப்பாரு. அவரும் எடுக்கலைன்னா...”

ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்க்கலாமா என்றேன். “ரோட்டை மறிச்சிருப்பாக” என்றார். மறுபடி அடித்தார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு குழாய் உருட்ட ஆரம்பித்தார். பத்தரை ஆனது, பத்தே முக்கால் ஆனது. கை நிற்கவே இல்லை. மணி பதினொன்றைத் தாண்டியபோது போனைப் பார்ப்பதையும் நிறுத்தியிருந்தார்.

பதினொன்றே காலுக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வெறுங்காலோடு, முழங்கை வரை மருந்தின் வெள்ளிப்பொடி ஒட்டிய ஒருவர் இறங்கினார். பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார்.

“சாப்பிட்டீகளா?”

“இல்ல. சத்தம் கேட்டதும் காட்டு வழியா ஓடிட்டோம். போனு, செருப்பு, தூக்குவாளி எல்லாம் கேட்டுல கெடக்கு.”

“உங்க கம்பெனியா?”

“பக்கத்துக் கம்பெனி.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. அங்கே எத்தனை பேர் என்று ஒரு பெண் கேட்டார். பேச்சியம்மாள் தன் சோற்றைத் திறந்து சுடலைமுத்து முன்னால் வைத்தார். அவர் சோற்றைத் தொடாமல், பக்கத்தில் குவிந்திருந்த குழாய்களில் ஒன்றைச் சும்மா எடுத்தார். அது கையிலேயே பிரிந்து வெறும் காகிதமானது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் பிரிந்தது.

“என்ன பேச்சி, ஒண்ணுலயும் பசையே தொடலை?”

அப்போதுதான் பேச்சியம்மாள் அழுதார்.

நான் கேட்க நினைத்திருந்த எதையும் கேட்கவில்லை. ஒரு மணி பஸ்ஸில் விருதுநகருக்குத் திரும்பினேன். அதே இருபத்தைந்து ரூபாய், ஜன்னலுக்கு வெளியே காலையில் பார்த்த அதே வேலிக்கருவேல மரங்கள். என் வீட்டில் நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு யாரும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பதில்லை. படத்தில் புகைக்குள்ளிருந்து கதாநாயகன் திரும்பி வரும்போது கதாநாயகிக்கு மூன்று வரி வசனம் எழுதி வைத்திருந்தேன். நாடு, வீரம், காதல் எல்லாம் அதில் இருந்தது. மூன்றையும் அடித்துவிட்டு “சாப்பிட்டீங்களா?” என்று எழுதினேன். பிறகு நோட்டைப் பின்னால் புரட்டி, பசையைப் பற்றி எழுதியிருந்த வரியையும் அடித்தேன்.