செல்லாத நம்பர்

நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. முழுசாக வரவில்லை. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து அம்மாவின் தம்பி ஒவ்வொரு பாகமாக பைக்கில் கொண்டுவந்து, முன்னறையில் பாய் விரித்து, தன் கையாலேயே சேர்த்துப் பூட்டினார். சுரங்க ஆபீஸில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் காண்ட்ராக்ட் வேலை அவருக்கு. அப்பா அதே சுரங்கத்தில் பர்மனென்ட்.

பூட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அதை ஓட்டும் மென்பொருளுக்கு லைசென்ஸ் நம்பர் வேண்டும் என்று. ஆபீஸ் ஏலத்தில் போன பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை மாமா காயலான் கடையில் வாங்கி வைத்திருந்தார். அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து நம்பரை அடித்தார். பெட்டியை வாங்கியவனுக்கு நம்பரும் சொந்தம் என்பது அவர் நியாயம்.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. ஒரு சனிக்கிழமை திரை முழுக்கக் கறுத்து, ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. இது அசல் இல்லை, நீங்கள் 'விக்டிம்' ஆகியிருக்கலாம் என்றது. விக்டிம் என்ற சொல்லைக் கொலைச் செய்திகளில் மட்டுமே படித்திருந்தேன்.

அன்று வீட்டிலிருந்த மாமா வந்து பார்த்தார்.

"அந்த நம்பரு பழைய போர்டோட சேந்ததாம் பாப்பா. போர்டு மாறுனா செல்லாதாம்."

போலீஸ் வருமா என்று கேட்டேன். இதுக்கெல்லாமா வருவார்கள் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

மத்தியானம் எங்கள் தெருவில் சுரங்கக் கம்பெனியின் செக்யூரிட்டி ஜீப் நுழைந்தது. குவார்ட்டர்ஸில் யாராவது வெளியாள் வாடகைக்கு இருக்கிறார்களா என்று பார்க்க வந்தார்கள். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. மாமா வயரைப் பிடுங்கினார். அம்மா தன் பழைய புடவையை எடுத்துக் கம்ப்யூட்டர் மேல் போர்த்தினாள். மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவருகே நின்றார்.

வாசலில் அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, மூடி வைத்திருப்பது என்ன என்று கேட்டார்.

"தையல் மிஷினுங்க" என்றாள் அம்மா.

எனக்கு விக்கல் எடுத்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஜீப் தெரு திரும்பியது. பிறகு அப்பா கதவைச் சாத்தினார்.

"மாப்ள, இத உங்க வூட்டுக்கு எடுத்துகினு போயிடு. குவார்ட்டர்ஸ் என் பேர்ல இருக்குது."

"சரிங்க" என்றார் மாமா. திரையையும் பெட்டியையும் பைக்கில் கயிறு போட்டுக் கட்டினார். அம்மா வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. அடுப்பைப் பார்த்து, "அவனுக்குன்னு கேக்க யாரு இருக்காங்க" என்றாள். அப்பா டிவியைப் போட்டார்.

மாமாவைத் தேடி யாரும் வரவில்லை. கொஞ்ச நாளில், லைசென்ஸே கேட்காத இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். கம்ப்யூட்டர் மட்டும் எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

மாட்டியிருந்தால் அப்பாவுக்கு ஒரு மெமோ வந்திருக்கும், யூனியன் பேசியிருக்கும். ஆபீஸ் ஸ்டிக்கரோடு மாட்டும் காண்ட்ராக்ட் ஆளுக்கு மறுநாள் சுரங்கத்துக்குள் போக கேட் பாஸ் இருக்காது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு பைக் சத்தம் தேய்ந்ததும் எனக்கு நன்றாகப் பசித்தது. ஆபத்து வீட்டை விட்டுப் போய்விட்டது என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். அது யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.