ரெஜ் அங்கிளிடம் கேட்காத கேள்வி

இதை எழுத எனக்குப் பல வருடமாக மனம் வரவில்லை. நோய் என்னுடையது அல்ல, பக்கத்து வீட்டு மனிசனுடையது. அவரும் தன்னைப் பற்றிக் கதைக்காதவர். நானோ பத்தாம் வகுப்போடு நின்றவன், கூடக்குறைய எழுதிவிடுவேனோ என்ற பயம். போன மாதம் கோயிலில் ஒரு அம்மா, தன் புருசனுக்கு மூச்சு இழுப்புக்கு ஸ்டிரொயிட் குடுக்கினம், வயிறு வேற எரியுது, தோலெல்லாம் கோடு கோடாய்க் கடிக்குது என்று சொல்லி அழுதா. வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன். பிழை இருந்தால் முருகன் பொறுக்கட்டும்.

ரெஜ் அங்கிள் ஆஸ்திரேலியாக்காரர். கனடாப் பெண்ணைக் கட்டி இங்கே வந்து, பஸ் திருத்துகிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஸ்காபரோவில் நாங்கள் வீடு வாங்கியபோது அவர் மனைவி இல்லாமல் தனியாக இருந்தார். பிள்ளைகளும் இல்லை. என் மனைவி பவானி சமைத்தால் அவருக்கும் ஒரு கோப்பை போகும். அவர் பேசியது ஆங்கிலம். நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

முதல் அறிகுறி ஒரு சிவப்புக் கோடு. இடுப்பில் எழும்பும், கடிக்கும். காலையில் இருந்த இடத்தில் மத்தியானம் இராது, நகர்ந்திருக்கும். வேலிக் கட்டையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். “பழைய சிநேகிதன் வந்திட்டான்” என்பார். பவானி வேப்பெண்ணெய் குடுத்தா. மணந்து பார்த்துவிட்டு, “இதைப் பூசினா சிநேகிதன் மட்டுமில்லை, ஒருத்தரும் கிட்ட வராயினம்” என்றார்.

எங்கள் நாட்டில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்த வருடம் அது. ஸ்னோ கரைகிற காலத்தில் அவருக்கு இழுப்பு கூடியது. குடும்ப வைத்தியர் ஸ்டிரொயிட் (வீக்கத்தைக் குறைக்கிற மருந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும்) குடுத்தார். சில நாள் சுகம். பிறகு வயிற்று நோ, சத்தி (வாந்தி), காய்ச்சல். சளியில் இரத்தம் கண்டதும் நானே காரில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வெளியே தெருவில் எங்கள் சனம் சண்டையை நிப்பாட்டச் சொல்லிக் கொடியோடு நின்று கத்திக்கொண்டிருந்தது. உள்ளே நான் ஒரு வெள்ளைக்கார மனிசனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். எந்தச் சாவுக்கு முதலில் அழுவது என்று தெரியாத களைப்பு. திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசட்டோ என்று கேட்டேன்.

“இன்னும் எரிக்கேல்லை. அதுக்குள்ள சாம்பலோ?” என்றார். ஆனால் நெற்றியைக் காட்டினார்.

நுரையீரல் கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். கேட்கவில்லை. பிறகு தொற்றுநோய் வைத்தியர் ஒரு பெண் வந்து என்னை நடைவழிக்குக் கூப்பிட்டா.

“இவர் எப்பவாவது வெப்பமான, ஈரமான நாட்டில இருந்தவரோ?”

“ஆஸ்திரேலியா, டொக்டர். சண்டை முடிஞ்சு இங்க வந்தவர்.”

“எந்தச் சண்டை? சண்டைக்க எங்க நிண்டவர்?”

“தெரியாது.”

“இவ்வளவு காலமாப் பக்கத்து வீடு. ஒருநாளும் கேக்கேல்லையா?”

எங்கள் ஆட்கள் அதைக் கேட்பதில்லை. சண்டைக்குள் எங்கே நின்றாய் என்பது சோதனைச் சாவடியில் துவக்கோடு நிற்கிறவன் கேட்கிற கேள்வி. சொந்த மச்சானிடம்கூட நான் கேட்டதில்லை. சாப்பிட்டியளோ என்றுதான் கேட்போம். அதுதான் எங்களுக்கு மரியாதை. இதை அவவுக்கு விளங்கப்படுத்த எனக்கு இங்கிலிஷ் காணாது.

“தான் ஓரிடமும் போகேல்லை எண்டு எங்களிட்டச் சொல்லுறார்” என்றா. “நான் நினைக்கிற நோய் சரியெண்டா ஸ்டிரொயிட் அவரைக் கொல்லும். நிப்பாட்டிறதெண்டா இழுப்பும் கொல்லலாம். நீங்கள் கேளுங்கோ.”

நான் போய் இருந்தேன். வாய் வரவில்லை. கடைசியில், “அங்கிள், நான் சண்டைக்க எங்க நிண்டனான் எண்டு சொல்லட்டே?” என்றேன். பவானிக்கும் முழுக்கச் சொல்லாததைச் சொன்னேன். இங்கே வருவதற்கு முன், கடல்நீரேரியில் நெஞ்சளவு தண்ணீரில் அம்மாவைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தது. அக்கரையில் இறக்கும்போது அவவின் உயிர் போயிருந்தது.



“காலாட்படை” என்றார். “சிங்கப்பூரில பிடிபட்டனாங்கள். ஜப்பான்காரர் காட்டுக்குள்ள ரயில் பாதை போடக் கொண்டு போனவங்கள். சப்பாத்து உக்கிப்போச்சு. மழைக்காலம் முழுக்க வெறுங்கால். முழங்கால் அளவு சேறு.”

மூச்சு வாங்கினார்.

“பக்கத்துக் கொட்டிலில தமிழ்ச் சனம். மலாயாத் தோட்டங்களில இருந்து கொண்டு வந்தது. கொலரா வந்திட்டுது. எங்களுக்கெண்டாலும் ஒரு டொக்டர் இருந்தான். அவைக்கு ஒருத்தருமில்லை. தண்ணி, தண்ணி எண்டு கத்துவினம். கிட்டப் போக விடமாட்டாங்கள். எனக்குத் தெரிஞ்ச தமிழ் அது ஒண்டுதான். நீங்கள் குடிவந்த அண்டு உன்ர மனிசி முற்றத்துக் குழாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொன்னவ. நான் உள்ள போய்க் கதவைச் சாத்தினன்.”

அவர் கதவைச் சாத்தியது எங்களைப் பிடிக்காமல்தான் என்று நாங்கள் அப்போது நினைத்திருந்தோம்.

நான் எழும்பி நடைவழியில் ஓடினேன். “சேறு, டொக்டர். வெறுங்கால்” என்றேன்.

சளியில் தேடிப் பார்த்தார்கள், இருந்தது. ஸ்ட்ரோங்கிலொயிடிஸ் (ஈர மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து ஏறுகிற நுண்ணிய புழு, உடம்புக்குள்ளேயே குட்டி போட்டு ஆயுள் முழுக்க இருக்கும்). எதிர்ப்புச் சக்தி விழுந்ததும் அது குடலைத் தாண்டி நுரையீரல் எங்கும் பரவிவிட்டது. மருந்து அப்போது இந்த நாட்டில் லேசில் கிடைக்காது. விசேட அனுமதியில் எடுத்தார்கள். ஸ்டிரொயிட்டை மெல்ல மெல்லக் குறைத்தார்கள்.

அவர் கண் தெளிந்த கிழமைதான் எங்கள் நாட்டில் சண்டை முடிந்தது என்று வானொலி சொன்னது. பவானி அடுப்பை நூர்த்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவருக்குச் சொன்னேன்.

“முடிஞ்சுதெண்டு எங்களுக்கும் சொன்னவங்கள்” என்றார். “உந்தப் புழுவுக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை.”

வீட்டுக்கு வந்தபோது பாதி ஆளாக இருந்தார். கதிரையைப் பிடித்துப் பிடித்து நடந்தார். “உடம்புக்க இப்ப தனிய இருக்கிறன், பழக்கமில்லை” என்றார். அதற்குப் பிறகும் சில பனிக்காலம் கண்டார். கடைசியில் இதயம் களைத்துத்தான் போனார், புழுவால் அல்ல.

அந்த வைத்தியர் என்னையும் இரத்தம் சோதிக்கச் சொன்னா. எனக்கும் இருந்தது. சின்ன வயதில் வயல் சேற்றில் ஏறியிருக்கும். குளிசையை விழுங்கிவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். கனடாவுக்கு வந்தது நான் மட்டும் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இப்போது கால் கழுவும்போது, வேறு யாரோ ஒருவருடைய காலைக் கழுவுகிற மாதிரி மெதுவாகக் கழுவுகிறேன்.

வீட்டில் யாருக்காவது ஸ்டிரொயிட் தொடங்கப் போகிறார்கள் என்றால், அவர் வெறுங்காலோடு நடந்த மண்ணை வைத்தியருக்குச் சொல்லுங்கோ. அவர் சொல்லமாட்டார் என்றால் உங்களுடையதை முதலில் சொல்லிப் பாருங்கோ. இதை மற்றவர்களுக்கும் குடுங்கோ. குடுக்கும்போது ரெஜ் அங்கிளை வீரனாக்க வேண்டாம், என்னை நல்லவனாக்க வேண்டாம். நீளம் என்று அந்தக் கொட்டில் சனத்தின் கதையை வெட்டவும் வேண்டாம். அவர்களைப் பற்றி ஒரு ஆளிடம் சொல்ல அவருக்கு ஒரு ஆயுள் எடுத்தது. அவர் சொன்னபடியே இருக்கட்டும்.